பி. ரம்லியைப் படம் பிடித்தவர்கள்



மறைந்த திரைக் கலைஞர்களை நினைவுகூர்வோம் என்றதும் நம் மனத்தில் வரிசையாக வந்து நிற்பவர்கள் யார்? எம்.ஜி.ஆர்., சிவாஜி, சாவித்திரி, டி.எம்.எஸ். இந்த மண்ணில் என்றால் பி. ரம்லி. இவர்களை நினைக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாட்டு ஒலிக்கிறது, முகம் தெரிகிறது, நினைவு தானாக வந்துவிடுகிறது.

முகமே தெரியாதவர்களின் கதி என்ன? படத்தை இயக்கியவர், ஒளிப்பதிவு செய்தவர், படச்சுருளை வெட்டி ஒட்டியவர், வசனத்தை மொழிபெயர்த்துக் கொடுத்தவர் எல்லாரும் படத்தின் தொடக்கத்தில் சில வினாடிகள் பெயராக வந்து போகிறார்கள். அந்த நேரத்தில்தான் நாம் தேநீர் கலக்க எழுந்து போகிறோம். அவர்கள் இறக்கும்போது நாளிதழில் ஒரு சிறு பத்தி வந்தால் அதுவே பெரிது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது அப்படிப்பட்ட சிலரைப் பற்றித்தான். மலாய்த் திரைப்படத்தின் பொற்காலம் என்று 1950-களையும் 1960-களின் தொடக்கத்தையும் சொல்கிறோம். அந்தப் பொற்காலத்திற்கு அடித்தளம் போட்ட இயக்குநர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அவர்களில் தமிழ் பேசியவர்களும் தமிழ்ப் படம் எடுத்தவர்களும் உண்டு. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தொடக்கம் 1934

மலாய் மொழியின் முதல் கதைப்படம் என்று ‘லைலா மஜ்னுன்’ குறிக்கப்படுகிறது. 1934-இல் சிங்கப்பூரின் மார்ல்பரோ திரையரங்கில் அது வெளியானது. பணம் போட்டது பம்பாயைச் சேர்ந்த மோத்திலால் கெமிக்கல் நிறுவனம். இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.எஸ். ராஜ்ஹான்ஸ். நடித்தவர்கள் பங்சாவான் மேடை நாடகக் கலைஞர்கள்.

பங்சாவான் என்ற அந்த நாடக வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாய்ப் பக்கமிருந்து பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்கு வந்தன. அவற்றின் பாட்டு, ஆட்டம், திரைச்சீலைக் காட்சிகள் ஆகியவற்றின் தாக்கத்தில் வளர்ந்ததுதான் பங்சாவான். அதே பார்சி நாடகம்தான் நம் தமிழ் மேடை நாடகத்தையும் பாதித்தது. ஆகவே இந்திய இயக்குநர் ஒருவர் வந்து, அழுகையும் பாட்டும் பிரிவும் நிறைந்த ஒரு காதல் கதையை எடுத்தபோது, மலாய் ரசிகர்களுக்கு அது முற்றிலும் அந்நியமாகத் தோன்றவில்லை. இரண்டு பக்கத்திற்கும் ஏற்கெனவே ஒரு பொதுவான மேடை இருந்தது.

‘லைலா மஜ்னுன்’ படத்தின் பிரதி இன்று இல்லை. மலாய்த் திரையுலகின் முதல் படமே நமக்குப் பெயரளவில்தான் மிஞ்சியிருக்கிறது. இயக்கியவரின் பெயரும் அதோடு ஏறக்குறைய போய்விட்டது.

ஜாலான் அம்பாஸ்

போருக்குப் பிறகு கதை வேகம் எடுக்கிறது. ராஜ்ஹான்ஸ் மீண்டும் படம் இயக்க வந்தார். ஜப்பானிய ஆட்சிக் காலத்தைக் கதைக்களமாகக் கொண்ட ‘செருவான் மெர்டேக்கா’ அவர் எடுத்ததுதான். அதையடுத்து ஷா சகோதரர்களுக்காக 1947-இல் ‘சிங்காப்பூரா டி வக்து மாலாம்’, அதாவது இரவு நேரத்துச் சிங்கப்பூர் என்ற படத்தை எடுத்தார்.

ஷா சகோதரர்களின் மலாய்ப் பட நிறுவனம் சிங்கப்பூர் பாலஸ்டியர் சாலையை ஒட்டிய ஜாலான் அம்பாஸில், எட்டாம் எண் மனையில் இயங்கியது. 1967-இல் மூடப்படும்வரை அங்கே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மலாய்ப் படங்கள் உருவாயின.

முதலாளிகள் சீனர்கள், நடிகர்கள் மலாய்க்காரர்கள், இயக்குநர்கள் இந்தியர்கள். இந்த ஏற்பாடு எப்படி வந்தது? காரணம் வியாபாரம்தான். ஷா சகோதரர்களிடம் மலாயா, சிங்கப்பூர் முழுவதும் திரையரங்குகள் இருந்தன. இந்திப் படங்களும் தமிழ்ப் படங்களும் ஓடினால் மலாய் ரசிகர்களும் கூட்டமாக வருவதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். பாட்டு, நடனம், கண்ணீர், குடும்பக் கதை என்ற அந்தக் கலவையை மலாய் மொழியிலேயே கொடுத்தால் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். அதற்கு அனுபவம் உள்ளவர்கள் வேண்டும். அவர்கள் கிடைத்த இடம் இந்தியா. ஒப்பந்தம் போட்டு ஒருவர் பின் ஒருவராக அழைத்து வந்தார்கள்.

வந்தவர்களில் பலருக்கு மலாய் தெரியாது. கதை ஒரு மொழியில் எழுதப்படும். மலாய் உதவியாளர்கள் அதை மலாய் வசனமாக மாற்றுவார்கள். படப்பிடிப்பில் இயக்குநர் சொல்வதை உதவி இயக்குநர் நடிகருக்கு விளக்குவார். 1950-இல் அந்த நிறுவனத்தில் சேர்ந்து, இந்திய இயக்குநர்களிடம் உதவியாளராக வேலை பார்த்துப் பின்னாளில் புகழ்பெற்ற இயக்குநராக உயர்ந்தவர் ஜமில் சூலோங். அவர் தம் நினைவுகளை ‘காச்சா பெர்மாத்தா’ என்ற பெயரில் நூலாக எழுதி 1990-இல் வெளியிட்டார். அப்படி ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்ததால்தான் ஸ்டூடியோவின் உள்வாழ்க்கை நமக்கு ஓரளவு தெரிகிறது. எழுதாதவர்களின் அனுபவம் அவர்களோடு போய்விட்டது.

புக்கிட் மெர்தாஜாமில் ஒரு குரல்

ராஜ்ஹான்ஸ் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. 1948-இல் புது முகங்களைத் தேடி அவர் வடக்கே போனார். புக்கிட் மெர்தாஜாமில் நடந்த ஒரு விழாவில், பினாங்கைச் சேர்ந்த 19 வயது இளைஞன் பாடுவதைக் கேட்டார். அந்த இளைஞனைச் சிங்கப்பூருக்கு வரச் சொன்னார். அந்த இளைஞன்தான் பி. ரம்லி.

வந்தவுடன் கதாநாயகன் ஆகவில்லை. அதே ஆண்டு ராஜ்ஹான்ஸ் இயக்கிய ‘சிந்தா’ படத்தில் ரம்லிக்குக் கிடைத்தது வில்லன் வேடம். கதாநாயகனாக நடித்தவர் எஸ். ரூமாய் நூர். ஆனால் கதாநாயகன் பாடும்போது ஒலித்தது ரம்லியின் குரல். திரையில் ஒருவர் வாயசைக்க, இன்னொருவர் பின்னாலிருந்து பாடுகிறார். இந்தப் பின்னணிப் பாடல் முறையும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இங்கே வேரூன்றச் செய்த தொழில்நுட்பம்தான். முதலில் பாட்டை ஒலிப்பதிவு செய்துகொள்ள வேண்டும். படப்பிடிப்பின்போது அதை ஒலிபெருக்கியில் போட்டு நடிகரை வாயசைக்க வைக்க வேண்டும். பிறகு படத்தொகுப்பில் உதடும் ஒலியும் ஒரு இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும்.

ரம்லியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த விழாவைக் கட்டாயம் சொல்வார்கள். கேட்டவர் யார் என்பதைச் சில நேரம் ‘ஓர் இயக்குநர்’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். அந்த ஓர் இயக்குநருக்குப் பெயர் உண்டு, நேயர்களே. மலாய் மொழியின் முதல் படத்தையும், மலாய்த் திரையின் மிகப் பெரிய கலைஞனையும் கொடுத்தவர் அவர். 1953-இல் கத்தே-கெரிஸ் நிறுவனம் தன் முதல் படமான ‘பூலோ பெரிண்டு’வைத் தொடங்கியபோதும் இயக்கியவர் அவரே. அதுதான் முதல் மலாய் வண்ணப் படம்.

பினாங்கில் வளர்ந்த கிருஷ்ணன்

ரம்லியைக் கண்டெடுத்தவர் ராஜ்ஹான்ஸ் என்றால், அவரைக் கதாநாயகனாக நிறுத்தியவர் எல். கிருஷ்ணன். இவர் நம்மவர். 1922-இல் தமிழ்நாட்டில் பிறந்து, சிறு வயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்தவர். மலாய் பேசவும் மலாய் மக்களோடு பழகவும் தெரிந்தவர். மற்ற இந்திய இயக்குநர்களுக்கும் இவருக்கும் இருந்த முக்கிய வேறுபாடு இது.

1950-இல் இவர் இயக்கிய முதல் மலாய்ப் படம் ‘பக்தி’. தமிழ்க் காதுக்குப் பழகிய சொல். மலாயில் அதற்குத் தொண்டு, கடமை உணர்வு என்ற பொருளும் உண்டு. அதுவரை வில்லனாகவும் துணை நடிகராகவும் வந்துகொண்டிருந்த ரம்லிக்கு அந்தப் படத்தில்தான் முதன்முதலாகக் கதாநாயகன் வேடம் கிடைத்தது.

அன்றைய அளவுகோலின்படி ரம்லி அழகன் இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. முகத்தில் பருத்தழும்பு இருந்தது. கதாநாயகன் என்றால் ரூமாய் நூரைப் போல எடுப்பான தோற்றம் வேண்டும் என்பது எழுதாத விதி. அந்த விதியை ஒரு புதிய இயக்குநர், தன் முதல் படத்திலேயே மீறுவது எளிதான முடிவா? தோற்றால் நடிகருக்கு இன்னொரு வேடம் கிடைக்கலாம், இயக்குநருக்கு இன்னொரு படம் கிடைப்பது கடினம். கிருஷ்ணன் துணிந்தார். பிறகு நடந்தது வரலாறு.

அதே 1950-இல் ‘தக்டீர் இலாஹி’, 1951-இல் ‘பெங்ஹிடுப்பான்’ என்று அவர் தொடர்ந்து எடுத்தார். பின்னர் கத்தே-கெரிசுக்குப் போனார். ஒப்பந்தம் முடிந்ததும் பலர் இந்தியாவுக்குத் திரும்பிய நிலையில், இவர் இந்த நாட்டுக்காரராகவே வாழ்ந்தார், டத்தோ பட்டமும் பெற்றார். தொழில் வட்டாரத்தில் அவரை மதித்தவர்கள் பலர். ஆனால் தமிழ்ப் பள்ளி மாணவர் ஒருவரிடம் எல். கிருஷ்ணன் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

ஜெமினியிலிருந்து பொந்தியானாக் வரை

அடுத்தவர் பி.என். ராவ். தமிழ்த் திரைப்பட வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது. 1939-இல் சாரங்கபாணியும் கே.எல்.வி. வசந்தாவும் நடித்த ‘ரம்பையின் காதல்’ இவர் இயக்கியது. அதே ஆண்டு வந்த ‘பிரகலாதா’வும் இவருடையதே. டி.ஆர். மகாலிங்கம் பிரகலாதனாகவும், இளைஞரான எம்.ஜி.ஆர். இந்திரனாகவும் நடித்த படம் அது. 1941-இல் ‘மதனகாமராஜன்’, 1944-இல் புஷ்பவல்லியும் எம்.கே. ராதாவும் நடித்த ‘தாசி அபரஞ்சி’ என்று ஜெமினிக்காக இவர் எடுத்த படங்கள் அன்று பேர்பெற்றவை.

அப்படிப்பட்டவர் 1950-களின் தொடக்கத்தில் சிங்கப்பூருக்கு வந்தார். 1953-இல் ரம்லியையும் சிப்புட் சரவாக்கையும் வைத்து ‘ஹூஜான் பானாஸ்’ எடுத்தார். வெயிலோடு பெய்யும் மழை என்று பொருள்.

ஆனால் இவர் பெயர் நிற்க வேண்டிய இடம் வேறு. 1957-இல் கத்தே-கெரிஸ் நிறுவனத்திற்காக மரியா மெனாடோவை வைத்து இவர் இயக்கிய படம் ‘பொந்தியானாக்’. கூன் விழுந்த, அழகற்ற ஒரு பெண் மந்திரத்தால் அழகியாகிறாள். இரத்தத்தைச் சுவைக்கக் கூடாது என்பது அவளுக்கு விதிக்கப்பட்ட கட்டளை. கணவனைப் பாம்பு கடிக்கிறது. அவனைக் காப்பாற்ற விஷத்தை வாயால் உறிஞ்சுகிறாள். கட்டளை மீறப்படுகிறது, அவள் பொந்தியானாக் பேயாகிறாள். மலாய்க் கம்பத்துப் பேய்க் கதையை எடுத்துக்கொண்டு, தாலி காக்கும் பத்தினியின் கதையை அதற்குள் வைத்ததைப் பாருங்கள். புராணப் படங்களில் மாயக் காட்சிகளை எடுத்துப் பழகிய கை அது.

படம் சிங்கப்பூரின் கத்தே திரையரங்கில் வாரக்கணக்கில் ஓடியது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எல்லாரும் பார்த்தார்கள். அதே ஆண்டு ‘டெண்டாம் பொந்தியானாக்’, அடுத்த ஆண்டு ‘சும்பா பொந்தியானாக்’ என்று தொடர் படங்கள் வந்தன. இன்றுவரை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பொந்தியானாக் படங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அந்த மரபின் தலைவாசலில் ‘தாசி அபரஞ்சி’ எடுத்த ஒருவர் நிற்கிறார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஹங் துவாவும் சசாலியும்

ஃபணி மஜும்தார் வங்காளி. கே.எல். சைகால் நடித்த ‘ஸ்டிரீட் சிங்கர்’ என்ற 1938-ஆம் ஆண்டுப் படத்தால் இந்தியாவில் பெயர் பெற்றவர். 1956-இல் ஷா நிறுவனத்திற்காக வண்ணத்தில் ‘ஹங் துவா’ எடுத்தார். மலாய் மக்களின் பெருங்காவிய நாயகனை ஒரு வங்காளி இயக்க, ரம்லி நடித்தார், இசையும் அமைத்தார். அந்த இசைக்கு அதே ஆண்டு ஹாங்காங்கில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் விருது கிடைத்தது.

அதே ஆண்டில் வந்த ‘அனாக்கு சசாலி’, என் மகன் சசாலி, இன்னும் ஒரு படி மேல். அளவுகடந்த செல்லத்தால் மகன் கெட்டுப்போவதைப் பார்த்து மனம் உடையும் தந்தையாகவும், அந்த மகனாகவும் இரட்டை வேடத்தில் ரம்லி நடித்தார். 1957-இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. அந்தப் படத்தைப் பார்த்து அழாத குடும்பம் அந்தத் தலைமுறையில் குறைவு. ஃபணி மஜும்தார் இந்தியா திரும்பி 1994-இல் காலமானார்.

இன்னும் சிலர் உண்டு. இசைக் கலைஞனாக வேண்டும் என்று ஆசைப்படும் மகனையும் அவனுக்காகப் பாடுபடும் தாயையும் காட்டும் ‘இபு’ 1953-இல் வந்தது. இயக்கியவர் எஸ். ராமநாதன். 1952-இல் வந்த ‘பாத்தா ஹாத்தி’, ‘மிஸ்கின்’ படங்களை இயக்கியவர் கே.எம். பாஸ்கர். இவர்களின் படங்களைத் தொலைக்காட்சியில் நாம் பார்த்திருக்கிறோம். பெயர்களை மட்டும் பார்க்கவில்லை.

கத்தரிக்கோல் பிடித்தவர்

இயக்குநர்களுக்கே இந்த நிலை என்றால், அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பழைய மலாய்ப் படங்களின் பெயர்ப் பட்டியலைக் கவனித்தால், படத்தொகுப்பு என்ற இடத்தில் எச்.ஆர். நாராயணா என்ற பெயர் அடிக்கடி வரும். ரம்லி இயக்கிய படங்களிலும் அந்தப் பெயர் உண்டு.

அன்றைய படத்தொகுப்பு எப்படிப்பட்ட வேலை? இன்று கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் வெட்டு விழுகிறது. பிடிக்கவில்லை என்றால் இன்னொரு பொத்தான், பழையபடி ஆகிவிடும். அன்று படச்சுருளைக் கையில் பிடித்து, வெளிச்சத்தில் கட்டம் கட்டமாகப் பார்த்து, கத்தரித்து, முனையிலுள்ள மேற்பூச்சைச் சுரண்டி, பசை தடவி ஒட்ட வேண்டும். ஒரு வினாடிக்கு 24 கட்டங்கள். ஒரு நிமிடத்திற்கு 90 அடி. இரண்டு மணி நேரப் படம் என்றால் ஏறக்குறைய 11,000 அடி. அதுவும் இறுதியில் மிஞ்சுவது மட்டும்தான். எடுத்ததில் வேண்டாம் என்று தள்ளியது அதற்கு மேல். அழுகைக் காட்சியில் ஒரு முகத்தை எத்தனை வினாடி வைத்திருக்க வேண்டும், சிரிப்புக் காட்சியில் எங்கே வெட்டினால் சிரிப்பு வரும் என்பதையெல்லாம் அந்தக் கைதான் தீர்மானித்தது. ‘பூஜாங் லாப்போக்’ படத்தைப் பார்த்து நாம் இன்றும் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். நடித்தவர்களுக்கு நன்றி சொல்கிறோம். சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாக வெட்டியவருக்கும் அந்த நன்றியில் பங்கு உண்டல்லவா?

மறுபக்கத்தையும் பேசுவோம்

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும், நேயர்களே. இப்படிப் பட்டியல் போட்டுவிட்டு, “பார்த்தீர்களா, எல்லாம் நம்மவர் செய்தது” என்று மார்தட்டிக்கொள்வது எளிது. அது வரலாறு ஆகாது.

இந்திய இயக்குநர்கள் மீது மலாய்க் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் மனக்குறை இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. கதைகள் பல தமிழ், இந்திப் படங்களின் சாயலில் இருந்தன. மலாய்க் குடும்பத்தில் நடக்காத விஷயங்கள் திரையில் நடந்தன. மனைவி கணவன் காலில் விழுந்து அழுவது, மரத்தைச் சுற்றிப் பாடுவது போன்றவை எங்கள் வழக்கமா என்று அவர்கள் கேட்டார்கள். எங்கள் கதையை எங்களில் ஒருவர் சொல்லக் கூடாதா என்பது அந்தக் கேள்வியின் உள்பொருள். நாடு விடுதலையை நோக்கி நடந்துகொண்டிருந்த காலத்தில் இப்படிக் கேட்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

ஊதியமும் ஒரு பிரச்சினையாக இருந்தது. படங்கள் பணத்தைக் குவித்தாலும் நடிகர்களும் தொழிலாளர்களும் மாதச் சம்பளக்காரர்களாகவே இருந்தார்கள். ‘பெர்சாமா’ என்ற கலைஞர் சங்கத்தின் தலைமையில் 1957-இல் ஸ்டூடியோவில் வேலைநிறுத்தம் நடந்தது. ரம்லியும் அந்தப் போராட்டத்தில் நின்றவர்.

இதற்கிடையே 1955-இல் ரம்லி தாமே இயக்கிய முதல் படம் ‘பெனாரெக் பெச்சா’ வந்துவிட்டது. பெச்சா இழுக்கும் ஓர் ஏழையின் கதை. ரசிகர்கள் கொண்டாடினார்கள். மலாய்க்காரர்களால் இயக்க முடியுமா என்ற சந்தேகம் அதோடு தீர்ந்தது. ஜமில் சூலோங், ஓமார் ரோஜிக் என்று அடுத்தடுத்து மலாய் இயக்குநர்கள் வந்தார்கள். இந்தியர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள்.

கத்தே-கெரிசில் படத்தொகுப்பாளராக இருந்து இயக்குநரானவர் ஹுசேன் ஹனிஃப். ஃபணி மஜும்தார் ஹங் துவாவின் பக்கம் நின்று கதை சொன்னார். ஹுசேன் ஹனிஃப் 1961-இல் அரசனை எதிர்த்தவனின் பக்கம் நின்று ‘ஹங் ஜெபாட்’ எடுத்தார். ஐந்தாண்டுகளில் பல படங்கள் எடுத்துவிட்டு 1966-இல், முப்பது வயதைச் சற்றே தாண்டிய நிலையில் மறைந்துவிட்டார். அவரும் இன்று பலருக்குத் தெரியாத பெயர்தான். மறதிக்கு இன பேதம் இல்லை.

ஆக, இரண்டு விதமான பேச்சும் தவறு. “இந்தியர்கள் வந்து காப்பியடித்துவிட்டுப் போனார்கள்” என்பதும் தவறு. “அவர்கள் இல்லாவிட்டால் எதுவுமே இல்லை” என்பதும் தவறு. வந்தவர்கள் ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொண்டவர்கள் அதில் தங்கள் உயிரை ஊற்றித் தங்கள் சொந்தக் கலையாக்கினார்கள். ‘பெனாரெக் பெச்சா’வை இயக்கியவர் ரம்லி, வெட்டித் தொகுத்தவர் நாராயணா. அந்த ஒரு பெயர்ப் பட்டியலிலேயே முழுக் கதையும் இருக்கிறது.

போனது போக, இருப்பது என்ன?

1963-இல் சிங்கப்பூரில் பிப்ரவரியிலும், மலேசியாவில் டிசம்பரிலும் தொலைக்காட்சி வந்தது. இந்தோனேசியாவுடனான மோதலால் அந்த நாட்டுச் சந்தையும் மூடிக்கொண்டது. செலவு கூடியது, வரவு குறைந்தது. ஜாலான் அம்பாஸ் 1967-இல் மூடப்பட்டது. 1964-இல் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்திருந்த ரம்லி 1973 மே 29-இல், 44 வயதில் காலமானார். இன்று அவர் பெயரில் கோலாலம்பூரில் ஒரு சாலை, செத்தாபாக்கில் ஒரு நினைவகம், பினாங்கில் ஒரு நினைவில்லம் உள்ளன. அவருக்கு உரிய மரியாதைதான், இன்னும் கொடுத்தாலும் தகும்.

படச்சுருள்களின் நிலை வேறு. ‘பொந்தியானாக்’, ‘டெண்டாம் பொந்தியானாக்’ இரண்டும் இன்று கிடைப்பதில்லை. கத்தே-கெரிஸ் நிறுவனர்களில் ஒருவரான ஹோ ஆ லோக் அந்தச் சுருள்களை ஓர் ஈயக்குட்டையில் எறிந்துவிட்டார் என்று திரைத்துறையினர் சொல்லும் கதை ஒன்று உண்டு. எப்படிப் போனாலும் போனது போனதுதான். மூன்றாவது படமான ‘சும்பா பொந்தியானாக்’ மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது.

நல்ல செய்தியும் இருக்கிறது. 2005-இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம், எஞ்சிய கத்தே-கெரிஸ் மலாய்ப் படங்களைப் பாதுகாத்து வருகிறது. அவற்றில் 91 படங்கள் 2014-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் வட்டார உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. சுருள் கெட்டுப்போகாமல் காப்பாற்ற நிறுவனங்கள் முன்வந்துவிட்டன. பெயர்களைக் காப்பாற்ற யார் வருவது?

நாம் செய்யக்கூடியது

அதற்கு நிறுவனம் வேண்டியதில்லை. நாமே போதும்.

முதலாவதாக, பழைய படம் ஒன்றைப் பார்க்கும்போது தொடக்கத்தில் ஓடும் பெயர்களைப் படியுங்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளையையும் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் கூட ஆகாது. ‘இயக்கம் எல். கிருஷ்ணன்’ என்று ஒரு தமிழ்ப் பிள்ளை மலாய்ப் படத்தில் படிக்கும்போது, இந்த நாட்டின் கலை வரலாற்றில் தனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று அதற்குப் புரியும். நூறு மேடைப் பேச்சு புரியவைக்காததை அந்த ஒரு வரி புரியவைத்துவிடும்.

இரண்டாவதாக, உங்கள் உறவினர் யாராவது ஸ்டூடியோவில், வானொலியில், தொலைக்காட்சி நிலையத்தில் வேலை பார்த்திருந்தால், அவர் நடிகராக இருக்க வேண்டிய அவசியமில்லை, விளக்குப் பிடித்தவராக, தையல் வேலை செய்தவராக, ஒலிப்பதிவுக் கருவியை இயக்கியவராக இருந்தாலும் சரி, உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். இன்று கையிலுள்ள தொலைபேசியே போதும். மறைந்துவிட்டவர் என்றால், வீட்டில் இருக்கும் புகைப்படத்தையும் ஒப்பந்தக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் குப்பையில் போடாதீர்கள். புகைப்படத்தின் பின்னால் யார் யார் நிற்கிறார்கள், எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதி வையுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்திற்கு ஒரு நகல் கொடுங்கள்.

மூன்றாவதாக, தமிழ்ப் பள்ளிகளிலும் தமிழ் இயக்கங்களிலும் கலைஞர் விழா நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேடையில் எம்.ஜி.ஆர். பாட்டும் இருக்கட்டும், சிவாஜி வசனமும் இருக்கட்டும். அரை மணி நேரம் இங்கே வாழ்ந்து இங்கே உழைத்தவர்களுக்கும் ஒதுக்குங்கள். ‘அனாக்கு சசாலி’யின் ஒரு காட்சியைப் போட்டு, இதை இயக்கியவர் யார் என்று மலாய் நண்பர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். ஒன்றாகச் சேர்ந்து செய்த வேலையை ஒன்றாகச் சேர்ந்துதான் நினைக்க வேண்டும்.

ராஜ்ஹான்ஸ், எல். கிருஷ்ணன், பி.என். ராவ், ஃபணி மஜும்தார், எஸ். ராமநாதன், கே.எம். பாஸ்கர், எச்.ஆர். நாராயணா, ஹுசேன் ஹனிஃப். எட்டே எட்டுப் பெயர்கள். இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. இன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் இதில் ஒரு பெயரை வீட்டில் சொல்லுங்கள். அது போதும்.